விமானப் பெட்ரோலும் வீட்டுக் காரும்

சிங்கப்பூரின் வடக்கே, மார்சிலிங் வீவக அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் காடு மிச்சமிருக்கிறது. அந்தக் காட்டுக்குள், பூமிக்கடியில், பிரிட்டிஷார் விட்டுப்போன எரிபொருள் கிடங்கு ஒன்று உண்டு. கான்கிரீட் சுவர்கள், துருவேறிய குழாய்கள், நீர் கசியும் கும்மிருட்டு. விமானப்படையின் எரிபொருளைப் பதுக்கி வைக்கக் கட்டப்பட்டது என்றுதான் மரபுடைமை ஆர்வலர்கள் சொல்கிறார்கள். இடத்தைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. தெங்கா, செம்பவாங், சிலேத்தார் என்று தீவின் வடபாதியைச் சுற்றியே அன்றைய விமானத் தளங்கள் இருந்தன. கடற்பாலமும் ரயில் பாதையும் பக்கத்திலேயே.

1942 பிப்ரவரி 9ஆம் தேதி இரவு ஜப்பானியக் காவற்படைப் பிரிவு கிராஞ்சிக் கரையில் இறங்கியது. உட்லண்ட்ஸ் எரிபொருள் தொட்டிகள் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியப் பொறியாளர் படையினர் அவற்றைத் தகர்த்தார்கள். லட்சக்கணக்கான காலன் பெட்ரோல் ஓடையில் இறங்கி, சதுப்புநிலம் வழியாக நீரிணைக்குப் போய், தீப்பிடித்தது. தண்ணீரின் மேல் எரிந்த அந்த நெருப்பில் படகுகளில் வந்த படையினர் பலர் கருகினார்கள். தாக்குதலையே நிறுத்திவிடலாமா என்று அவர்களின் தளபதி யோசிக்கும் அளவுக்குப் போனது நிலைமை.

இந்தப் பேட்டையில் பெட்ரோலுக்கு இப்படி ஒரு வரலாறு இருப்பதாலோ என்னவோ, இங்குள்ள காப்பிக் கடைகளில் பெட்ரோல் பேச்சுக்குக் குறைவே இல்லை. கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூர் பாரு போய் வருகிறவர்கள் அதிகம். லாரி ஓட்டுநர்கள், மோட்டார்சைக்கிள்காரர்கள், பட்டறைக்காரர்கள் எல்லாரும் உண்டு. அந்தப் பேச்சில் எப்போதாவது ஒரு கேள்வி வந்து விழும்: "அண்ணே, பிளேனுக்கு ஊத்துற பெட்ரோல நம்ம வண்டிக்கு ஊத்தினா எப்படி இருக்கும்?" கேட்பவர் கண்ணில் சாங்கி ஓடுதளத்தில் சீறிக் கிளம்பும் விமானம் தெரியும். நூற்றுக்கணக்கான டன் இரும்பை வானத்துக்குத் தூக்குகிற எரிபொருள், ஒன்றரை டன் காரைப் பறக்க வைக்காதா?

முதலில் சாங்கியைத் தள்ளிவைத்துவிட வேண்டும். அங்கே வந்து போகும் பெரிய விமானங்கள் எதுவும் பெட்ரோலில் ஓடுவதில்லை. அவற்றின் இறக்கைக்குள் இருப்பது ஜெட் ஏ-1. சுத்தத்திலும் தரக் கட்டுப்பாட்டிலும் மிக உயர்ந்தது என்றாலும் குடும்பப் பெயர் மண்ணெண்ணெய்தான். பெட்ரோல் பூஜ்ஜியத்துக்குக் கீழே பல டிகிரிக் குளிரிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். ஜெட் எரிபொருளோ குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் வரை அப்படி ஆவி விடக் கூடாது என்பது விதி. விமானத்தில் வேண்டியது அந்தப் பாதுகாப்பும், மேலே உறைபனிக் குளிரிலும் கெட்டியாகாத தன்மையும். ஜெட் எஞ்சினில் நெருப்பு ஒருமுறை பற்றினால் தொடர்ந்து எரிந்துகொண்டே இருக்கிறது. காரின் சிலிண்டருக்குள் நடப்பதைப் போல நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை பற்றி அணைகிற வேலை அங்கே கிடையாது. ஆகவே ஆக்டேன் எண் என்ற பேச்சே ஜெட் எரிபொருளுக்கு இல்லை. சோதித்துப் பார்த்தால் பரிதாபமான எண்தான் வரும்.

மண்ணெண்ணெயைப் பெட்ரோல் எஞ்சினில் ஓட்டிப் பார்த்த அனுபவம் தமிழருக்குப் புதிதல்ல. ரேஷன் மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் இந்தியாவில் அதைப் பெட்ரோலில் கலந்து விற்ற கலப்படம் ஒரு பெரும் தொழிலாகவே நடந்தது. தமிழ்நாட்டு வயல்களில் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற பம்புசெட்டுகள் ஓடின. ராமநாதபுரம், கன்னியாகுமரிக் கடற்கரைகளில் வள்ளங்களின் வெளிப்பொருத்து மோட்டார்கள் இன்றும் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. ஓடுகின்றனவே என்று கேட்கலாம். ஓடும், அந்த எஞ்சின்கள் அதற்கென்றே குறைந்த அழுத்தத்தில் வடிவமைக்கப்பட்டவை. எரிபொருளின் குணத்துக்கு எஞ்சின் இறங்கி வந்திருக்கிறது. இன்றைய கார் அப்படி இறங்கி வராது. ஜெட் எரிபொருளை அதில் ஊற்றினால் கிளம்பத் தகராறு செய்யும், கிளம்பினால் தட்டும், புகை கக்கும், எரியாத மிச்சம் பிஸ்டன் ஓரமாக வழிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும்.

ஆக, காருக்கு ஊற்றலாமா என்று யோசிக்கக்கூடிய விமான எரிபொருள் வேறு. பிஸ்டன் எஞ்சின் பூட்டிய சிறு விமானங்களுக்கான பெட்ரோல் அது, அவ்கேஸ் என்பார்கள். உலகெங்கும் பெரும்பாலும் விற்பது 100 எல்எல் என்ற வகை. நீல நிறச் சாயம் போட்டிருக்கும். வேறு வகையோடு குழம்பக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மார்சிலிங் காட்டுக்குள் பதுக்கியது விமானப்படையின் எரிபொருள் என்றால், அது இதன் மூதாதைதான்; அப்போது ஜெட் விமானங்கள் இன்னும் படைக்கு வந்திருக்கவில்லை.

அதன் பெயரில் இருக்கும் 100தான் ஆசையைக் கிளப்புகிறது. 95ஐவிட 98 பெரிது, 98ஐவிட 100 பெரிது. எது பெரிது என்பது சரி, எதில் பெரிது?

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலேறி நசுக்குகிறது. பத்து மடங்கு நசுக்கினால் கலவையின் வெப்பம் 400 டிகிரி செல்சியஸை நெருங்கிவிடும். அப்போது தீப்பொறிச் செருகி ஒரு பொறி விடுகிறது. பொறி பட்ட இடத்தில் ஒரு சிறு தீக்கோளம் உருவாகி, சுவர்களை நோக்கி விரிகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர நூறில் ஒரு விநாடிதான் ஆகும். தீ அதற்குள் தன் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். சிக்கல் கடைசி மூலையில் இருக்கிறது. தீ இன்னும் போய்ச் சேராத கலவையை முன்னால் வரும் தீ மேலும் நசுக்குகிறது, சூடாக்குகிறது. பொறுமை இல்லாத எரிபொருளாக இருந்தால், தீ வந்து தொடும் முன்பே அந்த மூலை முழுவதும் ஒரே நொடியில் தானாக வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவர்களில் மோதி எதிரொலிக்கிறது. காருக்குள் இருப்பவர் காதில் அது மேட்டில் ஏறும்போது கேட்கும் உலோகத் தட்டல். நாக்கிங் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். அளவு மீறினால் பிஸ்டன் விளிம்பு உடையும், தலையில் ஓட்டை விழும்.

ஆக்டேன் எண் அளப்பது இந்தப் பொறுமையைத்தான். நசுக்கினாலும் சுட்டாலும் பொறி வரும்வரை காத்திருப்பாயா, இல்லையா? 1926இல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். எளிதில் தட்டாத ஐசோஆக்டேனுக்கு 100. எதற்கெடுத்தாலும் தட்டும் ஹெப்டேனுக்கு 0. அந்த ஹெப்டேனைச் சுத்தமாகப் பெற அவருக்குக் கைகொடுத்தது ஜெஃப்ரி என்னும் ஒரு வகைப் பைன் மரத்தின் பிசின். 95 பெட்ரோல் என்றால், 95 பங்கு ஐசோஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எப்படித் தட்டுமோ அப்படித் தட்டும் பெட்ரோல் என்று பொருள். சோதனையைச் செய்யும் எஞ்சின் ஒரு விசித்திரமான ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்த விகிதத்தை ஏற்றி இறக்கலாம். 1920களின் கடைசியில் வந்த வடிவம். இன்றைக்கும் அதன் வாரிசுகள்தான் உலகின் பெட்ரோலுக்கு மதிப்பெண் போடுகின்றன. நிமிடத்துக்கு 600 சுற்றில் மென்மையாகச் சோதித்தால் வருவது ஆர்ஓஎன். சிங்கப்பூர், மலேசியா, இந்திய நிலையங்களில் எழுதியிருப்பது அது. 900 சுற்றில், கலவையைக் கொதிக்கக் கொதிக்க உள்ளே விட்டுச் சோதித்தால் வருவது எம்ஓஎன். அது எப்போதும் சில எண்கள் குறைவாகவே இருக்கும். அமெரிக்காவில் இரண்டின் சராசரியைப் போடுகிறார்கள். ஆகவே அங்கே 87 என்று எழுதியிருப்பது நம் ஊர் 91, 92க்குச் சமம். டெக்சஸுக்குப் போய்வந்த உறவினர் "அங்க எல்லாரும் 87தான் ஊத்துறாங்க" என்று சொன்னால் அசர வேண்டியதில்லை. அவ்கேஸின் 100 எம்ஓஎன் கணக்குக்கு நெருங்கியது. நம் ஆர்ஓஎன் கணக்கில் பார்த்தால் இன்னும் கூடும்.

இப்போது வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு குறும்பு. ஒரு கிலோ ஐசோஆக்டேனை எரித்தால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 44.3 மெகாஜூல். ஒரு கிலோ ஹெப்டேனை எரித்தால் 44.6. பூஜ்ஜியம் வாங்கியவன் நூறு வாங்கியவனைவிட ஒரு துளி கூடுதலாகவே ஆற்றல் வைத்திருக்கிறான்! எத்தனால் இன்னும் மோசமான உதாரணம்: அதன் ஆர்ஓஎன் 108 வாக்கில், ஆற்றலோ கிலோவுக்கு 27 மெகாஜூல்கூட இல்லை. ஆக்டேனுக்கும் ஆற்றலுக்கும் உறவே இல்லை என்பதைவிட, பல சமயம் எதிர் உறவு என்றுகூடச் சொல்லலாம். வேறுபாடு மூலக்கூறின் வடிவத்தில் இருக்கிறது. ஹெப்டேன் நீண்ட நேர்ச்சங்கிலி. சூட்டில் ஆக்சிஜன் வந்து எளிதாகக் கொத்திப் பிளந்துவிடும். ஐசோஆக்டேன் கிளைகள் அடர்ந்து சுருண்டது. பிளக்க இடம் கிடைப்பது கடினம். உயர் ஆக்டேன் பெட்ரோல் மெதுவாக எரியும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. அதுவும் சரியில்லை. பொறி விழுந்த பிறகு எரியும் வேகத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. பொறிக்கு முன்னால் தானாக எரியாமல் இருப்பதில்தான் வேறுபாடு.

அப்படியென்றால் விமானப்படைகள் ஏன் 100 ஆக்டேனுக்காக உயிரை விட்டன? அந்தக் கதையில்தான் விடை இருக்கிறது. 1930களில் ஷெல் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த விமானி ஜிம்மி டூலிட்டில், வாங்க ஆளே இல்லாத காலத்தில் 100 ஆக்டேன் தயாரிக்கச் சொல்லி நிர்வாகத்தை நச்சரித்தார். 1940 வசந்தத்தில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர்விமானங்கள் 87 ஆக்டேனிலிருந்து 100க்கு மாறின. அவற்றின் மெர்லின் எஞ்சின் 87இல் 1,030 குதிரைத்திறன் கொடுத்துக்கொண்டிருந்தது. 100இல் 1,310. எஞ்சின் அதேதான், சிலிண்டர் அதேதான்.

கவனிக்க வேண்டியது இதற்கு இடையில் நடந்தது. மெர்லினில் காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் மிகையூட்டி ஒன்று இருந்தது. 87 ஆக்டேனில் அதை சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டுக்கு மேல் ஏற்றினால் எஞ்சின் தட்டி உடையும். 100 வந்த பிறகு பொறியாளர்கள் கட்டுப்பாட்டைத் திருத்தி, அவசர நேரத்தில் 12 பவுண்டு வரை ஏற்ற வழி செய்தார்கள். கூடுதல் காற்று, அதற்கேற்ற கூடுதல் பெட்ரோல், கூடுதல் திறன். அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் 100 ஆக்டேனை மட்டும் தொட்டியில் ஊற்றியிருந்தால் 1,030 அப்படியே 1,030ஆகத்தான் இருந்திருக்கும். எரிபொருள் திறனைக் கொண்டுவரவில்லை. அதிகமாக நசுக்கிக்கொள் என்று எஞ்சினுக்கு அனுமதி கொடுத்தது. அனுமதியைப் பயன்படுத்திக்கொள்ள எஞ்சினில் ஏற்பாடு இருக்க வேண்டும். 1942 ஜனவரியில் 51 ஹரிக்கேன்கள் பெட்டிகளில் அடைத்துச் சிங்கப்பூருக்கு வந்து இறங்கின. அவற்றை வானில் ஏற்றியதும் இந்த 100 ஆக்டேன்தான். காலம் கடந்துவிட்டது என்பது வேறு கதை.

சரி, தைரியமாக ஒருவர் அவ்கேஸை வாங்கி வந்து தன் காரில் ஊற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கார் கிளம்பும். ஓடவும் ஓடும். முதல் நாள் எதுவும் ஆகாது. நன்றாக இழுக்கிறது என்றுகூடத் தோன்றும்; காசு கொடுத்து வாங்கியது நன்றாக இல்லை என்று மனம் ஒத்துக்கொள்ளாது. உண்மையில் அவ்கேஸ் சாதாரணப் பெட்ரோலைவிட இலகுவானது, லிட்டருக்கு ஆற்றல் சில சதவீதம் குறைவு. ஆவியாகும் தன்மையையும் அதில் வேண்டுமென்றே மட்டுப்படுத்தியிருப்பார்கள். காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் குழாய்க்குள்ளேயே கொதித்துக் குமிழியாகி ஓட்டத்தை அடைத்துவிடக் கூடாதல்லவா? குளிர்நாட்டில் காலையில் கிளப்ப இது இடைஞ்சல். உட்லண்ட்ஸ் வெயிலில் ஒன்றும் தெரியாது.

தெரியப்போவது ஈயம். 100 எல்எல் என்பதில் உள்ள எல்எல் 'குறைந்த ஈயம்' என்பதைக் குறிக்கிறது. குறைந்தது என்பது பழைய விமானப் பெட்ரோலோடு ஒப்பிட்டால். லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருக்கலாம். 40 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 22 கிராம் ஈயம். ஏறக்குறைய மூன்று பவுன் நகையின் எடை. சிங்கப்பூர் தன் கார் பெட்ரோலில் ஈயத்தை 1980களில் படிப்படியாக லிட்டருக்கு 0.15 கிராமாகக் குறைத்தது. 1991இல் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 1998 ஜூலை முதல் ஈயப் பெட்ரோலே இங்கு விற்பனையில் இல்லை. இந்தியா 2000இலும் இலங்கை 2002இலும் நிறுத்தின. கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு என்று தெரிந்தும் நீக்க இத்தனை பத்தாண்டுகள் ஆனதென்றால், ஈயம் தன் வேலையை அவ்வளவு மலிவாகச் செய்தது என்று அர்த்தம். 1921இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த டெட்ராஎத்தில் ஈயம் துளியளவு சேர்த்தாலே பெட்ரோலின் பொறுமை கூடிவிடும். சூட்டில் அது நுண்ணிய ஈய ஆக்சைடுத் துகள்களாகச் சிதறி, தானாக வெடிக்கத் தொடங்கும் வேதிச் சங்கிலியைப் பாதியிலேயே அறுக்கிறது.

காரின் வயிற்றுக்கடியில், புகைபோக்கிக் குழாயில், தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டை இருக்கிறது. அதன் கண்ணறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். வினையூக்கி மாற்றி என்பது இதுதான். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் அந்தப் பூச்சைத் தொட்டு ஓரளவு சாதுவாகி வெளியே போகின்றன. ஈயம் அந்தப் பூச்சின் மேல் படலமாகப் படிந்து மூடிவிடும். கழுவிப் போக்க முடியாது. அதற்கு முன்னால் குழாயில் நிற்கும் ஆக்சிஜன் உணரியும் அப்படியே குருடாகும். கலவையில் பெட்ரோல் கூடியதா குறைந்ததா என்று கணினிக்குச் சொல்வது அந்த உணரிதான். அது பொய் சொல்லத் தொடங்கினால் கணினி தவறாக ஊற்றும். முகப்பில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியும். ஒரே தொட்டியில் எல்லாம் முடிந்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். சேதம் சேர்ந்து சேர்ந்து வரும். மூன்றாண்டு கடந்த கார் இங்கே இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதனை நிலையத்துக்குப் போயாக வேண்டும். புகைச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்போது, மாற்றி ஒன்றின் விலை அவ்கேஸ் ஆசையைத் தீர்த்துவைக்கும்.

பந்தய எரிபொருள்? 2008 முதல் மரினா பேயில் இரவில் நடக்கும் ஃபார்முலா ஒன் பந்தயத்தின் இரைச்சலைக் கேட்டவர்களுக்கு அந்தக் கார்களின் தொட்டியில் ஏதோ மந்திரத் திரவம் இருப்பதாகத் தோன்றும். விதிப்புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. கடையில் விற்கும் பெட்ரோலில் உள்ள வகைச் சேர்மங்களால்தான் அது ஆகியிருக்க வேண்டும். ஆக்டேனுக்கு 2025 வரை விதி கேட்ட கீழெல்லை ஆர்ஓஎன், எம்ஓஎன் சராசரியில் வெறும் 87. 2022 முதல் 2025 வரை பத்து சதவீதம் எத்தனால். அந்தச் சேர்மங்களுக்குள்ளேயே எதை எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் நிறுவனங்கள் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்டுகின்றன. அதுவும் அந்த ஒரு எஞ்சினை மனத்தில் வைத்து.

மெத்தனாலில் ஓடும் பந்தயக் கார்கள் வேறு இனம். பெட்ரோல் ஒரு கிலோவுக்குக் காற்று ஏறத்தாழ 14.7 கிலோ வேண்டும். மெத்தனாலுக்கு ஆறரைக் கிலோகூட வேண்டாம். அப்படியென்றால் அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் ஊற்ற வேண்டும். வீட்டுக் காரின் ஊசிக்குழல் அவ்வளவு ஊற்றாது. கலவை வறண்டு, எஞ்சின் திணறி நின்றுவிடும். அதோடு மெத்தனால் அலுமினியத்தையும் சில ரப்பர்களையும் அரிக்கும். அதற்கென்று கட்டிய வண்டியில் ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் குழாய்களைக் கழுவிவிடுவார்கள். நாம் வாரக் கடைசியில் காரைக் கழுவுவதே பெரிய காரியம்.

இந்தியாவில் இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பரில் எக்ஸ்பி 100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலைச் சில நகரங்களில் விற்பனைக்கு விட்டது. மதுரா சுத்திகரிப்பாலையில் தயாராவது, ஈயமில்லாதது. ஆகவே அவ்கேஸ் செய்கிற நாசத்தைச் செய்யாது. உயர்தர இறக்குமதி மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவர் ஊற்றினால் அர்த்தம் உண்டு. நூறு சிசி பைக்கில் ஊற்றுகிறவருக்கு மன நிறைவு கிடைக்கும், அதற்கு மேல் எதுவும் கிடைக்காது.

இதே மன நிறைவைத்தான் சிங்கப்பூரில் 98 என்ற பெயரில் நாள்தோறும் வாங்குகிறார்கள். காரணம் புரியாமல் இல்லை. கார் வாங்கும் உரிமைச் சான்றிதழுக்கே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிக் கொடுத்த காலமும் உண்டு. பத்தாண்டு உயிர்தான் அதற்கு. அப்படி வாங்கிய வண்டிக்கு ஆக மலிவானதை ஊற்ற மனம் வராது. அரசாங்கத்துக்கும் இது வசதிதான். 2021 பிப்ரவரியிலிருந்து உயர்தரப் பெட்ரோலுக்குத் தீர்வை லிட்டருக்கு 79 காசு, இடைத்தரத்துக்கு 66 காசு. தீர்வையில் மட்டுமே 40 லிட்டருக்கு 5 வெள்ளி 20 காசு வேறுபாடு. நிலையத்தின் விலைப்பலகையில் இடைவெளி இன்னும் பெரிது. அமெரிக்காவின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2016இல் சோதித்துப் பார்த்து, சாதாரணப் பெட்ரோல் போதும் என்று சொல்லப்பட்ட கார்களில் உயர்தரப் பெட்ரோலால் ஒரு பயனும் இல்லை என்றது. அங்கே ஓராண்டில் இப்படி வீணானதாக அது கணக்கிட்ட தொகை 210 கோடி டாலர்.

பட்டறைக்காரரிடம் கேட்டால் நேராகச் சொல்லிவிடுவார். "98 ஊத்தினா நல்லா இழுக்குதுண்ணே" என்றால், "மூடியத் திறந்து பாரு தம்பி, உள்ள என்ன ஒட்டியிருக்கான்?" பெட்ரோல் மூடியின் உட்பக்கத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். 91க்குக் குறையாமல், 95க்குக் குறையாமல் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பார். அதைவிடக் குறைவாக ஊற்றக் கூடாது; கூடுதலாக ஊற்றுவதால் வரும் நன்மை காரைப் பொறுத்தது.

விதிவிலக்குகளை மறைக்கக் கூடாது. இன்றைய கார்களின் சிலிண்டர் சுவரில் ஒரு சிறு ஒலி உணரி திருகப்பட்டிருக்கிறது. தட்டலின் அதிர்வு, நொடிக்கு ஆறேழாயிரம் அலை, அதன் காதில் விழுந்த மறுகணமே கணினி பொறியைச் சற்றுத் தாமதப்படுத்திவிடும். தட்டல் நிற்கும், திறனும் கொஞ்சம் குறையும். டர்போ வைத்த சிறு எஞ்சின்களில், ஆளேறிய வண்டி வெயிலில் மேடேறும்போது இது அடிக்கடி நடக்கும். அங்கே 98 ஊற்றினால் கணினிக்குத் தாமதப்படுத்த வேண்டிய அவசியம் குறைந்து, உண்மையாகவே சற்று நன்றாக இழுக்கும். உயர்தரப் பெட்ரோலையே கேட்கிற கார்களும் உண்டு. அவற்றில் காசை மிச்சம் பிடிக்கப் போவது அறிவீனம். ஆனால் இங்கும் சிங்கப்பூருக்கே உரிய ஒரு வேடிக்கை. சிறிய கார்களுக்கான ஏ பிரிவு உரிமைச் சான்றிதழுக்கு 2014 முதல் 97 கிலோவாட், அதாவது 130 குதிரைத்திறன், உச்சவரம்பு. அதற்குள் அடங்கவே சில மாடல்களைத் திறன் குறைத்து இங்கே கொண்டுவருகிறார்கள். எஞ்சினுக்கு வலு இருக்கிறது, மென்பொருள் விடவில்லை. அந்தக் காரில் 98 என்ன, மெர்லினுக்கு ஊற்றியதையே ஊற்றினாலும் 130ஐத் தாண்டாது.

கடற்பாலத்தின் அந்தப் பக்கம் கணக்கு வேறு மாதிரி. மலேசியாவில் மானிய விலை 95 வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு 2010 ஆகஸ்ட் முதல் கிடையாது. நம்மவர் 97தான் நிரப்ப வேண்டும். இந்தப் பக்கம், எரிபொருள் முள் முக்காலுக்குக் கீழே இருந்தால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அபராதமும் உண்டு. 1989இல் பாதித் தொட்டி என்று தொடங்கிய விதி 1991இல் முக்கால் ஆனது. ஆகவே மார்சிலிங்வாசி பலர் தம் காருக்கு 97 ஊற்றுவது எஞ்சினின் தேவைக்காக அல்ல. இரு அரசாங்கங்களின் விதிகளும் நாணய மாற்று விகிதமும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அதனால் காருக்கு ஒரு கெடுதலும் இல்லை.

விமானப் பெட்ரோல் கார்களுக்கு வருமா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்க, விமானங்கள் எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2022 செப்டம்பரில் ஈயமில்லாத 100 ஆக்டேன் விமானப் பெட்ரோல் ஒன்றுக்குப் பிஸ்டன் விமானங்களில் பயன்படுத்த ஒப்புதல் கிடைத்தது. 2030க்குள் ஈயத்தை முழுதாக விட்டுவிட வேண்டும் என்பது அங்கே இலக்கு. ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் நிறுவனம் செய்யும் 912 வகை எஞ்சின் உலகம் முழுக்கச் சிறு விமானங்களில் பறக்கிறது. அதன் 100 குதிரைத்திறன் மாடலின் கையேடு கேட்பது ஆர்ஓஎன் 95, சாலையோர நிலையத்தில் கிடைக்கும் சாதாரண ஈயமற்ற பெட்ரோல். அவ்கேஸும் ஊற்றலாம், ஆனால் ஈயக் கசடு சேரும் என்பதால் எஞ்சின் எண்ணெயை அடிக்கடி மாற்றச் சொல்லி அதே கையேடு எச்சரிக்கிறது.